சீதனமாக வந்த கடற்கரை

என் கல்யாணத்துக்குப் பேசிய சீதனத்தில் நகை இருந்தது, வீடு இருந்தது, கடலும் இருந்தது. நகை கொழும்பில் வெளிநாட்டு ஏஜென்சிக்குப் போனது. வீடு குண்டில் போனது. கடல் மட்டும் எங்கும் போகவில்லை. நாங்கள்தான் அதனிடம் போக முடியாமல் இருந்தோம்.

கடல் என்றால் முழுக்கடல் இல்லை. வலிகாமம் வடக்கில் எங்கள் ஊர்க்கரையில் ஒரு துண்டு. எங்கள் வீட்டில் கரைவலைத் தொழில். கயிற்றின் ஒரு தலையைக் கரையில் ஆட்களிடம் கொடுத்துவிட்டு, வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாக வளைத்து, மறுதலையோடு வேறொரு இடத்தில் கரையேறி, இரண்டு பக்கமும் நின்று இழுப்பது. எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வளைக்கலாம் என்பது பூட்டன் காலத்திலேயே பேசித் தீர்ந்த விஷயம். அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். அடுத்தவன் பாட்டில் யாரும் கேட்காமல் கால் வைப்பதில்லை. காய்ந்த மணலில் நின்றுகொண்டு, "ஆற்றை பாடு?" என்று உரத்துக் கேட்க வேண்டும். யாருடையது என்று யாராவது சொல்லுவார்கள். உடையவன் தலையாட்டிய பிறகுதான் தண்ணீருக்குள் இறங்கலாம்.

மருமகனுக்கும் இதே சட்டம்தான். பாடு சீதனமாகக் கொடுபட்டாலும், மாமனார் தன் கையால் கயிற்றுத் தலையை எடுத்துக் கொடுக்கும் வரை மாப்பிள்ளை காய்ந்த மணலில்தான் நிற்க வேண்டும். இவர், என் கணவர், வேறு கரைக்காரர், குருநகர்ப் பக்கம். தொண்ணூறாம் ஆண்டு எங்களுக்குக் கல்யாணம். ஊர்த் தேவாலயத்துப் பெருநாள் முடிந்த மறுநாள் கயிறு கொடுப்பதாக அப்பா நாள் குறித்திருந்தார். பெருநாள் வருவதற்குள் முழு ஊரும் இடம்பெயர்ந்து ஓடியது. எங்கள் கரை பாதுகாப்பு வலயம் ஆனது, முள்வேலி வந்தது, இராணுவ முகாம் வந்தது. அப்பா அகதி முகாமிலேயே செத்துப்போனார். இவர் கையில் கயிறு வந்து சேரவே இல்லை.

ஆக, பாரிஸில் ஒரு பிரெஞ்சுக்காரரின் உணவகத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த என் கணவர் ஒரு கடற்கரைக்குச் சொந்தக்காரர். அந்தக் கரையில் அவர் ஒரு நாளும் கால் நனைத்ததில்லை. கேட்கச் சிரிப்பாக இருக்கும். பாரிஸில் எங்கள் சனம் கூடுகிற லா சப்பலில், தேத்தண்ணிக் கடையில் சிரிக்கவும் செய்தார்கள்.

உணவகம் லா சப்பலில் இருந்து நடக்கக்கூடிய தூரம். நான் அங்கே மேசை துடைத்து, கீரை கழுவி, தட்டுக் கழுவி, பிறகு மெல்ல மெல்ல பிரெஞ்சும் பிடித்துக்கொண்டேன். இவருக்கு மீனோடுதான் பேச்சு. பத்ரோன், அதுதான் முதலாளி, என்ன சொன்னாலும் இவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் தமிழில் சொல்ல வேண்டும். பத்ரோன் நோர்மண்டிக்காரர். அங்கே ஓர் ஆற்றில் அணை கட்டித் தேக்கிய ஏரிக்கரையில் அவருக்கு வீடு இருந்தது. வக்கான்ஸ், அதாவது விடுமுறை, என்றால் அங்கேதான்.

இரண்டாயிரத்து ஒன்பது. அந்த வசந்தம் முழுவதும் போரை நிறுத்தச் சொல்லிப் பாரிஸ் தெருக்களில் நின்று கத்தியவர்கள் நாங்கள். கத்தியதற்கு என்ன பலன் என்று எல்லோருக்கும் தெரியும். மே மாதத்துக்குப் பிறகு லா சப்பலில் ஆளை ஆள் பார்ப்பதைத் தவிர்த்தோம். இவர் மட்டும் ஒரு நாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது, "சண்டை முடிஞ்சுதெண்டா வேலியையும் எடுக்கத்தானே வேணும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை சனம் செத்த வீட்டில் இந்த மனுஷன் வேலிக் கணக்குப் பார்க்கிறாரே என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு காலை, பத்ரோன் பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். முகம் சிவந்திருந்தது. தன் ஏரியின் அணையையும் அதற்குக் கீழே உள்ள இன்னொரு அணையையும் உடைக்க அரசாங்கம் முடிவு செய்துவிட்டதாம்.

"எதற்குத் தெரியுமா? சால்மன் மீனுக்காக! மீனுக்காக!" என்று இவருடைய பலகையைத் தட்டினார். பலகையில் ஒரு பெரிய நோர்வே சால்மன் பாதி வெட்டுப்பட்டுக் கிடந்தது. இவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். இவர் மீனைப் பார்த்தார்.

"இதுக்காகவோ?"

"இதின்ரை சொந்தக்காரருக்காக. இது பண்ணையிலை வளர்ந்தது. அது ஆத்திலை பிறந்து கடலுக்குப் போறதாம். முட்டை போட, தான் பிறந்த ஆத்துக்கே திரும்பி வருமாம். அணை மறிக்குதாம்."

இவர் மிச்சத்தை வெட்டினார்.

அடுத்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அணையைக் காப்பாற்ற ஏரிக்கரையில் ஆர்ப்பாட்டம் என்று பத்ரோன் எங்களையும் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கூட்டம் காட்ட ஆள் வேண்டும். ஆர்ப்பாட்டம் எங்களுக்குப் பழகிய வேலைதானே. இவர் நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு வந்தார். "எங்கள் ஏரியில் கை வைக்காதே" என்று எழுதிய பதாகை ஒன்றை இவர் கையில் கொடுத்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இவர் கேட்கக்கூட இல்லை. யாரோ எதையோ பறிக்கிறார்கள், பறிகொடுக்கிறவன் பக்கம் நிற்கிறோம், அவ்வளவுதான் இவருக்குத் தெரிந்தது.

ஏரி அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பத்ரோன் தன் சின்னத் தோணியை அவிழ்த்துவிட்டு ஏறச் சொன்னார். இவர் புல்லில் நின்றபடி நகரவில்லை.

"கேளும், ஆற்றை பாடு எண்டு."

"விசரே உங்களுக்கு? இது ஏரி. இஞ்சை பாடும் கீடும் இல்லை."

"தண்ணியெண்டா ஆற்றையோதானே. கேளும்."

மானம் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். பத்ரோன் தலையைச் சொறிந்தார். அணை மின்சாரக் கம்பெனியுடையது, கரை ஊர்ச் சபையுடையது, தோணி தன்னுடையது என்றார். இவருக்கு அது போதவில்லை. கொஞ்சம் தள்ளி, மறுபக்கக்காரர் ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். ஆற்றைத் திறக்க வேண்டும் என்கிறவர்கள். அங்கே படங்களை ஒட்டிவைத்துக்கொண்டு தனியாக ஒரு பெண் நின்றாள். என் மகள் வயதுதான் இருக்கும். எதிரிக் கூட்டத்தில் இருந்து பதாகையோடு ஒருவர் வந்து, இந்த ஆறு யாருடையது என்று கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மீனுடையது" என்றாள்.

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விளக்கமாகச் சொன்னாள். கீழ் அணை கட்டித் தொண்ணூறு வருடமாகிறது. இன்றும் சால்மன்கள் அந்த அணையின் அடிவரை வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. மேலே போன மீன் ஒன்றுகூட இப்போது உயிரோடு இல்லை, ஆனாலும் வருகின்றன. எத்தனை வருடம் மறித்தாலும் அந்த ஆறு அவற்றுடையதுதான். அமெரிக்காவில் இது மீனோடு நிற்கவில்லை, மனிதருடைய விஷயமும் என்றாள். அங்கே ஆற்றோரத்துப் பழங்குடி மக்கள் மண்ணை விட்டுக்கொடுத்தபோதும் மீன்பிடிக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார்களாம். அணை கட்டி மீனை மறித்தது அந்த உரிமையையே மறித்ததுதான் என்று தலைமுறை தலைமுறையாக நின்று பேசினார்களாம். அங்கும் அணைகளை உடைக்கப்போகிறார்கள் என்றாள்.

நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லச் சொல்ல, இவர் பதாகையை மெதுவாகக் கீழே இறக்கினார். கடைசியில் அதைப் புல்லில் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். பத்ரோன் தூரத்தில் நின்று இதைப் பார்த்தார். வேலை போச்சு என்று நான் நினைத்தேன். நல்ல காலம், மனுஷனுக்கு மீன் வெட்ட இவரை விட்டால் ஆள் இல்லை.

திரும்பி வரும்போது இவர் முகத்தில் பல வருடமாக நான் காணாத ஒரு வெளிச்சம்.

"தொண்ணூறு வரியம் மறிச்சும் அந்த மீனின்ரை உரிமை போகேல்லையாம். எங்களுக்கு இருபது வரியம்தானே."

"அது மீன். அதுக்காகக் கதைக்க ஒரு அரசாங்கமே நிக்குது. உங்களுக்காக ஆர் நிக்கினம்?"

"நியாயம் எண்டா ஒண்டுதானே இஞ்சேரும்."

அந்த ஒரு வார்த்தையில்தான் அந்த மனுஷன் பிறகு பல வருடம் குடித்தனம் நடத்தினார். அங்கே அணை உடைந்தால் இங்கே வேலி உடையும் என்று மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். மெத்ரோ இரண்டாம் லைனில் யாராவது போட்டுவிட்டுப் போன பத்திரிகை கிடந்தால் எடுத்து என் மடியில் வைப்பார். "பாரும், அணை ஏதும் போட்டிருக்கோ?" அமைச்சர் மாறுவார், அணை வேலையை ஆறப் போடுவார்கள். இன்னோர் அமைச்சர் வருவார், மறுபடி கிளறுவார்கள். அணை ஆறிப்போன வருடங்களில் இவருக்குச் சாப்பாடு இறங்காது. தேத்தண்ணிக் கடையில், "என்னண்ணை, மீன் மேலை ஏறிட்டுதோ?" என்று பகிடி பண்ணுவார்கள். இவர் கோபிக்காமல், "ஏறும், ஏறும்" என்பார். வீட்டில் பிள்ளைகள் பிரெஞ்சில் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிக்கும். அதை நான் இவருக்குச் சொல்லவில்லை.

ஊரிலும் இதே ஆட்டம்தான். ஆமிக்காரர் கொஞ்சம் நிலம் விடுவார்கள், பிறகு கையை விரிப்பார்கள். இரண்டாயிரத்துப் பதினேழில் எங்கள் கரைப்பக்கம் ஒரு துண்டை விட்டார்கள். ஊரில் இருக்கும் என் சித்தப்பா மகன் தொலைபேசியில் படம் காட்டினான். சனம் மணலில் விழுந்து அழுகிறது, சிரிக்கிறது, ஒருத்தி மண்ணை அள்ளிச் சேலையில் முடிகிறாள். நாங்கள் பாரிஸ் புறநகரில், திரான்சி வீட்டுக் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். "எங்கடை பாட்டைக் காட்டடா தம்பி" என்றேன். அவன் தொலைபேசியைத் திருப்பினான். பழைய இடத்தில் பிடுங்கிய வேலியை எங்கள் பாட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். கம்பி புதுசாக மினுங்கியது. இவர் எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதே காலத்தில் நோர்மண்டியில் முடிவு உறுதியானது. இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் மேல் அணையை உடைக்கத் தொடங்கினார்கள். உண்மையாகவே உடைத்தார்கள். ஒரு மலையையே சிறிது சிறிதாகக் கொத்தி எடுப்பதுபோல இருந்தது தொலைக்காட்சியில் வந்த படம். பத்ரோன் சமையலறைக்குள் வந்து ஒரு நாற்காலியில் விழுந்தார்.

"என் ஏரி போய்விட்டது. வீட்டு வாசலில் இப்போது சேறும் ஒரு வாய்க்காலும். என்னையும் அகதியாக்கிவிட்டார்கள். உங்களுக்கு இது புரியும்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. கையில் இருந்த சட்டியை வைத்துவிட்டு, "மிஸ்யூ, உங்கள் வீடு முன்பு ஏரிக்கரையில் இருந்தது, இப்போது ஆற்றங்கரையில் இருக்கிறது. வீடு இருக்கிறதுதானே?" என்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் என்னோடு பேசவில்லை. இவர் என்ன கதை என்று கேட்டார். சொன்னேன். "பாவம் அந்தாள்" என்றார். இவருடைய இந்தக் குணம்தான் எனக்குப் பிடிக்காதது.

கொரோனா வந்து போனது. கீழ் அணையும் போனது. அந்த ஆறு ஊற்றில் இருந்து கடல்வரை தடையில்லாமல் ஓடுகிறது என்று பத்திரிகையில் நான் வாசித்துக் காட்டிய அதே வருடம், சித்தப்பா மகன் தொலைபேசி எடுத்தான். வேலியைக் கழற்றிவிட்டார்கள் என்றான். இவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் சொன்னேனே, நான் சொன்னேனே என்ற பார்வை. அன்றைக்கு நானும் நம்பினேன். எனக்கு அதுதான் இன்றுவரை வயிற்றெரிச்சல்.

அடுத்த ஆகஸ்டில் போனோம். லா சப்பல் பிள்ளையார் தேருக்கு ரூ பஜோல் தெருவைக் கழுவத் தொடங்கும் நேரம், நாங்கள் பெட்டி கட்டினோம். அப்பா இல்லை, கூடப்பிறந்த அண்ணன் தம்பி எனக்கு இல்லை. பாடு என் பெயரில் வந்தது, ஆகவே கயிற்றை நானே கொடுப்பது என்று முடிவெடுத்தேன். பெண் கொடுத்தால் செல்லுமோ என்று இவர் இழுத்தார். "சீதனம் என்ரை. கயிறும் என்ரை. வாங்க ஏலாதெண்டால் மணலிலேயே நில்லுங்கோ" என்றேன். இவர் சிரித்தார். விமானத்தில் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

சித்தப்பா மகன் தன் வலையும் வள்ளமும் ஆட்களும் தருவதாகச் சொல்லியிருந்தான். ஆனால் கரைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் முகம் சரியில்லை. "அக்கா, முதல்லை வந்து பாருங்கோ" என்றான்.

வேலி இல்லைதான். எங்கள் பாட்டு மணலும் இருந்தது. மணலுக்கு அப்பால், தண்ணீருக்குள், கொங்கிறீற்றுக் கட்டிகள். முகாம் இருந்த காலத்தில் படையினர் தங்கள் படகுகளைக் கட்டி நிறுத்துவதற்குக் கொட்டியவை. கம்பி துருத்திக்கொண்டு, பாசி பிடித்து, கரையில் இருந்து கண்ணுக்கெட்டும் தூரம் ஒழுங்கில்லாமல் கிடந்தன.

"வலை வளைச்சா மீன் சேருற மடி கிழிஞ்சு போகும் அத்தான்" என்றான் அவன், இவரைப் பார்க்காமல். "ஒரு இழுவைக்குத் தாங்காது."

"எடுக்கேலாதோ?"

"ஆர் எடுக்கிறது? நாங்கள் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. போட்டவைதான் எடுக்கவேணும் எண்டினம். போட்டவை போயிட்டினம்."

இவர் கொஞ்ச நேரம் கட்டிகளைப் பார்த்தார். "பிரான்ஸிலை ஒரு மீனுக்காக மலை மாதிரி அணையை உடைச்சவங்கள்" என்றார். சித்தப்பா மகனுக்கு அது விளங்கவில்லை. தலையாட்டினான்.

கொண்டுவந்த கயிறு என் கையில் இருந்தது. வலை போடாவிட்டால் என்ன, கால் நனைக்கலாமே என்று நினைத்தேன். இவரும் அதையே நினைத்தாரோ என்னவோ, சப்பாத்தைக் கழற்றினார், காற்சட்டையை முழங்கால்வரை மடித்தார், காய்ந்த மணலின் விளிம்பில் வந்து நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கயிற்றுத் தலையை நீட்டப்போனேன்.

கட்டிகளுக்கு இடையில் நாலைந்து பிளாஸ்ரிக் படகுகள் கட்டிக் கிடந்தன. ஒன்றில் இருந்து நடுவயது மனிதர் ஒருவர் எழும்பினார்.

"ஐயா, ஆரைக் கேட்டு இறங்கப் போறியள்?"

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "இது எங்கடை பாடு. நீர் ஆர் கேக்க?" என்று கத்தினேன்.

அவர் கோபிக்கவில்லை. "நாங்களும் இடம்பெயர்ந்து வந்த ஆக்கள்தான் அம்மா. கடற்றொழிலாளர் சங்கத்திலை எங்களுக்குப் படகு கட்ட இந்த இடம் விட்டிருக்கினம். வெளிநாட்டுக்காரர் வந்து படம் எடுப்பினம், போவினம். கல்லுக்குள்ளை கால் போனா எங்களிலைதானே பழி" என்றார்.

நான் இன்னும் கத்தியிருப்பேன். இவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"விடும். அவர் கேட்டது சரிதானே. தண்ணியிலை நிக்கிறவர் கேக்கத்தான் வேணும். நான்தான் கேக்காமல் வந்திட்டன்."

இவர் கயிற்றை வாங்கவில்லை. குனிந்து காற்சட்டையை இறக்கினார், கால் மணலைத் தட்டினார், சப்பாத்தைப் போட்டார். அந்த மனிதருக்குத் தலையாட்டிவிட்டு நடந்தார். கடல் இரண்டடி முன்னால் இருந்தது. முப்பத்து மூன்று வருடம் காத்திருந்த ஆள், ஒரு கால்கூட நனையாமல் திரும்பி நடந்தார். கயிற்றை நான் அங்கேயே வீசிவிட்டேன். யாராவது படகு கட்ட எடுத்திருப்பார்கள்.

பாரிஸ் வந்த பிறகு இவர் அணை, மீன், வேலி என்ற சொல்லையே எடுப்பதில்லை. தேத்தண்ணிக் கடையிலும் விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, பகிடி நின்றுவிட்டது. அடுத்த வருடம் அமெரிக்காவில் ஏரிக்கரைப் பெண் அன்று சொன்ன ஆற்றில் நாலு அணைகளை உடைத்து முடித்தார்கள், கொஞ்ச நாளிலேயே சால்மன் ஏறிவந்தது. கரையில் நின்ற அந்த மண்ணின் பெண்கள் அழுவதைத் தொலைபேசியில் பார்த்தேன். அவர்களுக்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரியும். பட முடியவில்லை. பொறாமைதான் வந்தது. அதைச் சொல்லக் கூச்சமும் இல்லை.

அந்த மாரியில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் லா சப்பல் மீன்கடையில் நின்றோம். "ஊர் மீன் வந்திருக்கு" என்று கடைக்காரர் எழுதித் தொங்கவிட்டிருந்தார். பாரை, விளை, ஓரா, எல்லாம் எங்கள் கடலில் இருந்து ஐஸில் படுத்துக்கொண்டு விமானத்தில் வந்தவை. இவர் ஒரு விளைமீனின் செவுளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் தொலைபேசி அடித்தது. பத்ரோன். ஓய்வெடுத்து நோர்மண்டி வீட்டோடு இருக்கிறார். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"வந்துவிட்டது! என் வீட்டு வாசலிலேயே பார்த்தேன், இவ்வளவு பெரியது! என் சால்மன்! நூறு வருடத்துக்குப் பிறகு! உன் கணவரிடம் சொல். இரண்டு பேரும் வாருங்கள், ஆற்றில் இறங்கி நின்று பார்க்கலாம்."

என் சால்மன். அதே வாய்தான் அன்று மீனுக்காக, மீனுக்காக என்று கத்தியது. நான் இவரிடம் சொன்னேன். நல்ல செய்தி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இவர் விளைமீனைத் திரும்ப ஐஸில் வைத்தார், மெதுவாக, அதற்கு நோகும்போல.

"அவரைக் கேளும்" என்றார். "ஆரைக் கேட்டு வந்தனி எண்டு அந்த மீனை ஆரும் கேட்டவையோ?"

நான் அதை அப்படியே பிரெஞ்சில் கேட்டேன். பத்ரோன் நல்ல பகிடி என்று நினைத்து, மறுமுனையில் வெகுநேரம் சிரித்தார்.